பட்டிமன்றம் எதுக்கு, பந்தி போதுமே!

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். ஏழு நிமிஷம்தான் கொடுத்திருக்கீங்க. அதனால வணக்கத்தை ஒண்ணோட நிறுத்திக்கிறேன்.

தலைப்பு என்ன? சமயங்களின் உயிர் கொள்கையிலா, நடைமுறையிலா? நான் நடைமுறை அணி. எதிரணித் தலைவர் இப்பத்தான் ஒரு குத்து குத்திட்டு உட்கார்ந்தார். "கொள்கை தலை, நடைமுறை வயிறு. கஞ்சி, பொங்கல், சீக்கியர் கோயில்ல போடுற லங்கர்னு சாப்பாட்டுப் பட்டியல் வாசிக்க வருவாங்க. அதுக்குப் பட்டிமன்றம் எதுக்கு, பந்தி போதுமே"ன்னார். நீங்களும் கைதட்டுனீங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஐயா, அந்தப் பந்தியிலேயே வர்றேன். சீக்கியர்களோட மூணாவது குரு, குரு அமர்தாஸ். அவரைப் பார்க்க யார் வந்தாலும் ஒரே விதி: முதல்ல பங்கத், பிறகுதான் சங்கத். பங்கத்னா என்ன? பந்திதான்! சங்கத்னா குருவோட சபை. முதல்ல தரையில வரிசையா உட்கார்ந்து சாப்பிடு, அப்புறம் வந்து குருவைப் பாரு. அக்பர் பாதுஷாவே அப்படி உட்கார்ந்து சாப்பிட்டார்னு அவங்க மரபு சொல்லுது. எல்லாரும் சமம்னு ஏட்டுல எழுத ஒரு வரி போதும். பக்கத்து இலையில யாருன்னு கேட்காம சோத்துல கை வைக்கிறதுக்குத்தான் பந்தி வேணும். நீங்க கிண்டல் பண்ணின பந்திதான் ஐயா எங்க கட்சி!

புத்தர் முழுக்கக் கொள்கைதான்னாங்க எதிரணியில. அவர் சொன்ன நாலு வாய்மையில நாலாவது என்ன? மார்க்கம். பாதையை வச்சுக்கிட்டு என்ன பண்றது, நடக்கத்தானே வேணும்? தர்மம் பண்ணுன்னு சொல்றது கொள்கை. வருஷம் பூரா கையில நின்ன சேமிப்புல, வரம்புக்கு மேல இருந்தா, நூத்துக்கு இரண்டரைன்னு இஸ்லாத்துல ஜகாத் கணக்குப் போடுறாங்களே, அது நடைமுறை. மன்னிப்பு? யூதர்கள் யோம் கிப்பூர்ங்கிற பாவமன்னிப்பு நாள் அன்னிக்கு ஏறக்குறைய 25 மணி நேரம் பச்சைத் தண்ணி குடிக்கிறதில்ல. ஆனா பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செஞ்ச தப்பு அந்த விரதத்துல கழியாது. அவன் வீட்டுப் படியேறி அவன்கிட்டயே கேட்கணும். படியேறிப் பாருங்க, கால் எப்படிக் கனக்குதுன்னு தெரியும்.

மணியில கை வைக்காதீங்க நடுவரே, கதையே இனிமேத்தான்.

நான் பத்தாவது பரீட்சை எழுதின வருஷம் ரம்ஜான் நோன்பு பங்குனியில வந்தது. உத்தமபாளையத்துல எங்க எதிர்வீடு ராவுத்தர் தாத்தா. அவர் சஹருக்கு, அதாவது நோன்புக்கு முன்னால விடிகாலையில சாப்பிட, எந்திரிக்கிற நேரம் என்னையும் எழுப்பச் சொல்லி எங்கம்மா ஒப்படைச்சிட்டாங்க. முதல் நாள் விடிகாலை நாலு மணி. ஜன்னல் கம்பியில கைத்தடியால டங் டங்னு தட்டுறார். தெருவே எந்திரிச்சிருச்சு, என்னைத் தவிர.

"எந்திரிச்சிட்டியாடா?"

போர்வைக்குள்ள இருந்து, "எந்திரிச்சிட்டேன் தாத்தா."

"எந்திரிச்சவன் குரல் மேலேர்ந்து வரும். உன் குரல் பாயிலேர்ந்து வருதே!"

மறுநாள் உஷாராயிட்டேன். எந்திரிச்சு நின்னு பதில் சொல்லிட்டுப் படுத்துட்டேன். "லைட்டைப் போடு"ன்னார். அதுக்கடுத்த நாள் லைட்டைப் போட்டுட்டுத் தூங்கினேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "பக்கம் திருப்புற சத்தத்தைக் காணோமே"ங்கிறார்! நடுவரே, இப்படி ஒரு மாசம். கம்பி வளைஞ்சது, நான் வளையல.

பெருநாள் வந்தது. அன்னிக்கு நோன்பு வைக்கவே கூடாது, அது அவங்க விதி. ஆற அமரத் தூங்கலாம். எனக்கு மறுநாள் கடைசிப் பரீட்சை. நாலு மணிக்கு டங் டங். நான் கதவையே திறந்துட்டேன். "தாத்தா, நேத்தோட நோன்பு முடிஞ்சிருச்சே?"

"எனக்கு முடிஞ்சிருச்சு. உனக்கு முடியலையே."

(எதிரணித் தலைவர் குறிப்பெடுக்கிறதை நிறுத்திட்டார், கவனிச்சீங்களா?)

இஸ்லாமியர்களோட ஹிஜ்ரி வருஷத்துக்கு 354 நாள்தான். அதனால நோன்பு வருஷா வருஷம் ஒரு 11 நாள் முன்னால நகரும். ஒரு சுத்து சுத்திப் பழைய இடத்துக்கு வர ஏறக்குறைய 33 வருஷம் ஆகும். 2024ல மறுபடி பங்குனிக்கு வந்தது. அதே வீடு. இந்தத் தடவை என் மக பத்தாவது. தாத்தா போய் ரொம்ப வருஷமாச்சு. அந்தக் கைத்தடி எங்கே போச்சோ தெரியாது. கம்பி மட்டும் இன்னும் வளைஞ்சே இருக்கு.

மார்ச் 26, முதல் பரீட்சை. விடிகாலை நாலு மணிக்கு ஜன்னல்ல டக் டக். கைத்தடி இல்ல, செல்போன் முனை. அவரோட பேரன். நாங்க யாரும் அவன்கிட்ட எழுப்பச் சொல்லவே இல்ல.

"பாப்பா, எந்திரிச்சிட்டியா?"

உள்ளேர்ந்து என் மக, "எந்திரிச்சிட்டேன் மாமா."

"குரல் கட்டில்லேர்ந்து வருதே பாப்பா!"

நான் இருட்டுல உட்கார்ந்திருந்தேன். எந்திரிக்க முடியல.

இப்ப அடிங்க நடுவரே, மணியை.