பத்தாண்டுத் தவணையும் ரோமப் பேரரசர் விழாவும்

அவையோர்க்கு வணக்கம். ரோமப் பேரரசர்கள் ஆட்சியின் பத்தாம் ஆண்டில் எடுத்த 'டெசென்னாலியா' விழாவை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடக் கூடாது. அதற்குள் ஒரு பழைய வாக்குறுதி இருக்கிறது.

கி.மு. 27இல் முதல் ரோமப் பேரரசரான அகஸ்டஸ், மாகாணங்களின் பொறுப்பைப் பத்தாண்டுக்கு மட்டுமே என்று சொல்லித்தான் ஏற்றார். தவணை முடியும்போதெல்லாம் அது நீட்டிக்கப்பட்டது, கி.பி. 14இல் இறக்கும்வரை அதிகாரம் அவர் கையை விட்டுப் போகவில்லை. அடுத்து வந்த திபேரியஸுக்கு நீட்டிப்பே தேவைப்படவில்லை. ஆயினும் பத்தாண்டு விழா நடந்தது. வாழ்நாள் முழுதும் ஆண்டவர்களும் இவ்விழாவை எடுத்ததற்கு அந்தத் தவணையே காரணம் என்று வரலாற்றாசிரியர் காஸியஸ் டியோ எழுதுகிறார்.

விழாவின் உயிர் நேர்த்திக்கடனில் இருந்தது. பேரரசர் பத்தாண்டு நலமாக ஆண்டால் இன்னது படைப்போம் என்று தெய்வங்களிடம் நேர்ந்துகொள்வார்கள். பத்தாண்டு நிறைந்ததும் கடனைச் செலுத்திவிட்டு, அடுத்த பத்துக்கு மீண்டும் நேர்ந்துகொள்வார்கள். நான்காம் நூற்றாண்டுக் காசுகளில் இலைமாலை வளையத்துக்குள் 10, 20 என்ற ரோம எண்களைப் பொறித்தது இதற்காகத்தான்.

செலவுக்கும் குறைவில்லை. 202இல் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ், அரசுத் தானியம் பெற்றுவந்த மக்களுக்கும் காவற்படையினருக்கும் ஆளுக்குப் பத்துப் பொற்காசு வழங்கினார். ரோமரின் செஸ்டர்ஸ் நாணயக் கணக்கில் மொத்தம் 20 கோடி. அரங்கில் கப்பல்போல் செய்த கூண்டு ஒன்று பிளந்து, கரடியும் சிங்கமும் தீக்கோழியும் வெளியே பாய்ந்தன. அந்த விலங்குகள் கொல்லப்பட்டதை இன்று படிக்கையில் மனம் வலிக்கிறது.

என்னை நெடுநேரம் நிறுத்தியது ரோம் நகரின் பழைய பொதுத்திடலான 'ஃபோர'த்தில் நிற்கும் ஒரு தூண்பீடம். 303 நவம்பரில் பேரரசர் தியோக்ளீஷியனின் இருபதாம் ஆண்டும், துணை அரசர்களின் பத்தாம் ஆண்டும் ஒன்றாகக் கொண்டாடப்பட்டபோது எழுந்தது அது. ஒரு முகத்தில் பலிக்காகப் பன்றியும் ஆடும் காளையும் நடந்து வருகின்றன. இன்னொன்றில் அரசர் முக்காலிப் பலிபீடத்தில் பானம் வார்க்கிறார். வேறொன்றில் வெற்றித் தெய்வம் கேடயத்தில் பத்தாண்டு வாழ்த்தை எழுதுகிறாள்.

அவ்விழா முடிந்து ஒன்றரை ஆண்டில், 305 மே 1 அன்று, இன்றைய துருக்கியிலுள்ள நிக்கோமீடியா நகருக்கு வெளியே படைகளின் முன்னிலையில் தியோக்ளீஷியன் தம் செம்மேலாடையைக் கழற்றி, இளைய வாரிசான மாக்சிமினஸ் தாயாவின் தோளில் போர்த்திவிட்டு, அரியணை துறந்து தம் சொந்த மண்ணான தல்மாத்தியாவுக்குப் புறப்பட்டார்.