கிளீவ்லாந்து ஆராதனை: பஞ்சரத்தின கோஷ்டியில உட்காருறதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். ஈஸ்டர் சமயம்னா அமெரிக்காவுல, கிளீவ்லாந்து ஸ்டேட் யூனிவர்சிட்டியில தியாகராஜ ஆராதனை. கர்நாடக இசை மேதை தியாகராஜரை நினைச்சு 1978-ல தொடங்கின விழா. கச்சேரி, போட்டின்னு நாள் கணக்கா நடக்கும், அந்த அட்டவணையை நீங்களே பார்த்துக்குவீங்க. இன்னிக்குப் பேச்சு, பஞ்சரத்தின கோஷ்டியில, அதாவது தியாகராஜரோட அஞ்சு பஞ்சரத்தின கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடுற கூட்டத்துல, உட்கார்ந்து பாடப் போறவங்களுக்கு மட்டும்.

ராக வரிசை தெரிஞ்சதுதான். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. அஞ்சுமே ஆதி தாளம். வீட்டுல நல்லாப் பாடுறவங்க கூட கோஷ்டியில தடுமாறுறது பெரும்பாலும் ஸ்வரத்துல இல்ல, சரணம் முடிஞ்சு எங்க திரும்பணும்ங்கிற இடத்துல. நாட்டையில ஒவ்வொரு சரணத்துக்கும் அப்புறம் 'ஜகதானந்த காரகா'வுக்கு வரணும். கௌளை, வராளியிலயும் பல்லவிக்குத்தான் திரும்புறோம். ஆரபியில அப்படி இல்ல. அங்க 'ஸாதிஞ்செனே'ன்னு ஆரம்பிச்சுட்டு, சரணங்களுக்கு நடுவுல 'ஸமயானிகி தகு மாடலாடெனே'ன்னுதான் எடுக்கணும். பழக்க தோஷத்துல ஒருத்தர் 'ஸாதிஞ்செனே'ன்னு ஆரம்பிச்சா பக்கத்துல நாலு பேர் கூடவே போயிடுவாங்க. ஸ்ரீ ராகத்துல சரணங்கள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும், பல்லவி கடைசியிலதான்.

அதனால ஃபோனைப் பார்த்துப் பாடாதீங்க. ஸ்க்ரோல் பண்றதுக்குள்ள அடுத்த சரணம் வந்துடும். பெரிய எழுத்துல பிரிண்ட் எடுங்க, திரும்புற வரியை மட்டும் சிவப்புல குறிச்சு வைங்க. பாடாந்தரம், அதாவது குரு சொல்லிக் கொடுத்த பாடும் முறை, ஆளுக்கு ஆள் மாறும். ஒரு சங்கதி (ஒரே வரியை மாத்திப் பாடுற விதம்) கூடுதலா உங்களுக்குத் தெரிஞ்சா, அன்னிக்கு அதை விட்டுடுங்க. முன் வரிசை என்ன பாடுதோ அதுதான் அன்னிக்குச் சரி.

காலப்பிரமாணம், அதாவது பாட்டோட வேகம் மாறாம இருக்கிறது, அதுதான் பெரிய தலைவலி. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி உட்கார்ந்தா, பாட்டு உங்க காதுக்கு 0.05 நொடி லேட். அதைக் கேட்டு நீங்க பாடினா, உங்களைக் கேட்டுப் பின்னாடி இருக்கிறவர் இன்னும் லேட். இப்படித்தான் வராளி வரும்போது மொத்தக் கூட்டமும் இழுக்க ஆரம்பிக்குது. காதை நம்பாம, முன்னால இருக்கிறவங்க தாளம் போடுற கையைப் பாருங்க. நீங்க தொடையில பலமா அடிச்சுத் தாளம் போட்டா அதுவும் ஒரு குழப்பம், சத்தமில்லாம போடுங்க.

வராளியில இன்னொண்ணு. காந்தாரம் (க) சுத்த காந்தாரம், அதாவது ரொம்பக் கீழ; மத்யமம் (ம) பஞ்சமத்துக்கு (ப) ரொம்பக் கிட்ட. ஹார்மோனியத்துல சுருதி பார்த்துப் பழகினவங்களுக்கு இந்த ரெண்டும் அசைவில்லாம மொட்டையா வரும். தம்பூரா வெச்சுக்கிட்டு வராளியை மட்டும் தனியா, மெதுவாப் பாடிப் பழகுங்க. கௌளை ரிஷபத்துக்கும் (ரி) இதே வைத்தியம்.

சுருதி ஆண், பெண் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வசதியா அமையாது. மேல எட்டலைன்னா கீழ் ஸ்தாயியில பாடிட்டுப் போங்க, தப்பே இல்ல. கத்தினா சுருதி ஏறும், பக்கத்துல இருக்கிறவர் பாட்டும் கெடும்.

கடைசியா, அந்த ஊர்ல ஏப்ரல்லயும் பனி கொட்டலாம். உள்ள ஹீட்டர் காத்து தொண்டையைக் காய வெச்சுடும், வெந்நீர் ஃபிளாஸ்க் வேணும். ஏர்போர்ட்லருந்து ரெட் லைன் ரயில்ல டவர் சிட்டி வந்து இறங்கி, ஹெல்த்லைன் பஸ் பிடிங்க. யூக்ளிட் அவென்யூவுல யூனிவர்சிட்டி வாசல்லயே இறக்கி விட்டுடும்.