குளிர் காத்த கொடி

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பு விருந்தகங்களில் வைன் பரிமாறும் பணியில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அதிகம் பேசப்படாத ஒரு வெள்ளை வைனைப் பற்றியும் அதைத் தரும் முந்திரிகையைப் பற்றியும் சொல்ல வந்திருக்கிறேன். திராட்சை என்று நூல்கள் எழுதினாலும், யாழ்ப்பாணத்துப் பந்தலின் கீழ் ஓடி விளையாடியவனுக்கு முந்திரிகை என்றே வாயில் வருகிறது.

இத்தாலியின் வடமேற்கு மூலையில், பிரான்சையும் சுவிற்சர்லாந்தையும் எல்லையாகக் கொண்ட வால்லே தாவோஸ்தா என்னும் மலைப் பள்ளத்தாக்கே அந்நாட்டின் மிகச் சிறிய மாநிலம். அங்கே இத்தாலிய மொழியுடன் பிரெஞ்சும் ஆட்சிமொழி. அதன் மேற்கே, மோன் பிளாங் மலையை அண்டிய மோர்ஜே, லா சால் என்ற இரண்டு ஊர்களில், 900 முதல் 1200 மீற்றர் வரையான உயரத்தில் 'பிரியே பிளாங்' என்ற முந்திரிகை விளைகிறது. 1200 மீற்றர் என்பது ஏறக்குறைய நமது பண்டாரவளையின் உயரம்; ஆனால் அங்கே குளிர்காலத்தில் தோட்டங்களைப் பனி மூடிவிடும். குறுகிய கோடைக்குள் பழுத்துவிடும் இனம் என்பதாலேயே இது அங்கே நிலைத்தது.

அந்தத் தோட்டங்களின் பந்தலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பந்தலின் கீழ் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். அங்குள்ளதோ இடுப்பளவுக்கு மேல் உயராது. பகல் வெயிலில் சூடேறிய மண்ணும் கல்லும் இரவில் விடுகின்ற வெப்பம் குலைகளை எட்ட வேண்டும், மலைக்காற்று கொடியை அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காகவே இந்தத் தாழ்ச்சி. பழம் ஆய்பவர்கள் கூனியும் முழங்காலிட்டும் அதனுள் நுழைய வேண்டியிருக்கிறது. இத்தனை உழைப்பைக் கேட்கும் தோட்டத்தை இன்றும் விடாதிருப்பவர்களை நான் வியக்கிறேன்; அவர்கள் 1983 இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து வைனைத் தாமே வடித்து விற்கத் தொடங்கினார்கள்.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அதே தசாப்தத்தில், 1869 இல், இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டதையும், தோட்டங்கள் பின்னர் தேயிலைக்கு மாறியதையும் நேயர்கள் அறிவீர்கள். ஐரோப்பியர் பயிரை மாற்றவில்லை. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கட்டைகளில் தங்கள் கொடிகளை ஒட்டினார்கள். குளிர்ந்த மோர்ஜேயிலோ அந்தப் பூச்சி காலூன்றவில்லை. அதனால் பிரியே பிளாங் இன்றும் ஒட்டின்றி, தன் சொந்த வேரிலேயே நிற்கிறது.

வைன் வெளிறிய வைக்கோல் நிறம்; வாயில் கனக்காத இலேசான தன்மை, கூரிய புளிப்பு, மலைப்புல்லையும் வெள்ளைப் பூக்களையும் நினைவூட்டும் மணம். மிளகாய் தூக்கலான நண்டுக் கறி இதை விழுங்கிவிடும். உப்பும் தேசிக்காய்ப் புளியும் மட்டும் சேர்த்துப் பொரித்த விளைமீன் பொருந்தும். கொழும்பு வெக்கையில் பலர் செய்வதுபோல் கிளாசில் ஐஸ் போடாதீர்கள். போத்தலைக் குளிரூட்டி, 8 முதல் 10 பாகை வரையில், சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.