பழைய அம்பாசடரின் டிரம் பிரேக்: பெயிண்ட் எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது

(காட்சி: ஜாக்கியில் நிற்கும் கார். டிரம் கழன்று வருகிறது.)

வணக்கம். இது 1968 மாடல் அம்பாசடர் மார்க் 2. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பல வருஷம் ஷெட்டிலேயே கிடந்த வண்டி, டிரம்மைக் கழற்றவே அரை நாள் ஆகிவிட்டது.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைப் பார்த்ததும் ஏர் கன்னை எடுக்கத்தான் கை போகும். தயவுசெய்து ஊதாதீர்கள். டிரம்மின் உட்புறத்தை அழுத்தி வண்டியை நிறுத்துவது பிரேக் ஷூ. அதன் மேல் ஒட்டியிருக்கும் பட்டைதான் லைனிங். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், அது நுரையீரலில் போய்த் தங்கிவிடும். நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டிவிடுங்கள்.

ஒரு பக்கத்தை முடிக்கும்வரை மறுபக்கத்தைத் தொட வேண்டாம். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டும் என்று சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

(காட்சி: பிளாஸ்டிக் தொட்டி, பேட்டரி சார்ஜர்.)

சரி, துரு. சலவை சோடா கரைத்த தண்ணீரில் பேக் பிளேட்டை, அதாவது ஷூவெல்லாம் மாட்டியிருக்கும் இரும்புத் தட்டை, தொங்கவிட்டு, அதில் சார்ஜரின் நெகட்டிவைக் கொடுங்கள். பாசிட்டிவ், பக்கத்தில் தொங்கும் பழைய இரும்புத் துண்டுக்கு. அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயுவும் வரும், அதனால் வெட்டவெளியில் செய்யுங்கள்.

(காட்சி: சுத்தமான பேக் பிளேட், மிக அருகில்.)

இப்போது இந்தச் சின்ன மேடுகளைப் பாருங்கள். ஷூவின் ஓரம் உட்கார்ந்து நகரும் இடம் இது. நகத்தை வைத்து இழுத்தால் பள்ளத்தில் தட்டுகிறது, தெரிகிறதா? பெடலை மிதிக்கும்போது ஷூ இந்தப் பள்ளத்தில் சிக்கி, பிறகு 'டிக்' என்று விடுபடும். காலை எடுத்தாலும் ஒழுங்காகத் திரும்பாது. நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் மேலேயே பெயிண்ட் அடித்து மூடிவிடுகிறார்கள், எனக்கு அது மனசு கேட்பதே இல்லை. பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பி, அரத்தால் ராவி, எல்லா மேடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்துக்கு எபாக்ஸி பிரைமரும், ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயிண்டும் அடியுங்கள். சாதாரண பெயிண்ட் பிரேக் ஆயில் பட்டால் உரிந்துவிடும். மாட்டும்போது மேடுகளில் பிரேக்குக்கான கிரீஸ், அதுவும் மெல்லிசாக.

டிரம்முக்கு வெளிப்பக்கம் மட்டும் சூடு தாங்கும் பெயிண்ட். சக்கரம் பொருந்தும் முகத்தில் தடிமனாகப் படியக் கூடாது. பெயிண்ட் நசுங்கினால் நட் தளர்ந்துவிடும். உள்ளே வரி விழுந்திருந்தால் லேத்தில் கடையலாம், ஆனால் ஒரே ஆக்ஸிலின் இரண்டு டிரம்மும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஸ்பிரிங்குகளை ஆசிடில் போடாதீர்கள். பளபளவென்று வெளியே வரும், ஒருநாள் பட்டென்று முறியும். புதிது வாங்கிவிடுங்கள்.

அப்புறம் வீல் சிலிண்டர், பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளுவது இதுதான். லேசான கறை என்றால் ஹோனிங், அதாவது உள்சுவரை மெல்லத் தேய்த்துவிடுவது, போதும். குழி விழுந்திருந்தால் உள்ளே புதுக் குழாய் மாதிரி ஸ்லீவ் போடணும், இல்லை மாற்றணும். சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் கப்பில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ படவே கூடாது, உப்பிவிடும்.

எல்லாம் மாட்டி, பிரேக் ஆயில் ஊற்றி, பைப்பில் இருக்கும் காற்றை வெளியேற்றியதும் சக்கரங்களுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் தாளில் ஈரம் இல்லையென்றால், வண்டியைத் தெருமுனைவரை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.