கறுப்பு ஐஸ்கிரீம் சாப்பிட்டால் மாத்திரை வேலை செய்யாதா?

[திரையில்: தார் நிறத்தில் ஒரு கோன் ஐஸ்கிரீம்]

தைராய்டு மாத்திரை போடுகிறீர்களா? கருத்தடை மாத்திரை? மன அழுத்தத்துக்கு மருந்து? அப்படியென்றால் இந்தக் கறுப்பு ஐஸ்கிரீமை வாயில் வைப்பதற்கு முன் மூன்று நிமிடம் எனக்குக் கொடுங்கள்.

கறுப்பு உணவின் பழைய கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 2012-இல் ஜப்பானில் பர்கர் கிங், மூங்கில் கரி கலந்த கறுப்புப் பன்னோடு குரோ பர்கரைக் கொண்டுவந்தது. 2014-இல் அதன் சீஸும் கறுப்பானது. 2016-இல் நியூயார்க்கின் மார்கன்ஸ்டெர்ன்ஸ் கடையில் விற்ற கறுப்புத் தேங்காய் ஐஸ்கிரீம் இன்ஸ்டாகிராமில் தீயாகப் பரவியது. அப்புறம் லாட்டே, லெமனேட், பீட்சா என்று எல்லாமே கறுத்தன.

அந்த ஐஸ்கிரீமுக்குக் கறுப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? கொட்டாங்குச்சி! காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்குக் கொட்டாங்குச்சிக் கரி புதிதில்லை. ஆனால் அடுப்புக்கரி வேறு, இது வேறு. அந்தக் கரியை எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரிச் சூட்டில் நீராவியில் வாட்டுவார்கள். நீராவி கரியை அரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் கோடிக்கணக்கில் போட்டுவிடும். இதுதான் ஆக்டிவேட்டட் சார்கோல்.

[திரையில்: ஒரு சிட்டிகை கரித்தூள்]

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இதில் ஒரு கிராம் எடுத்து, துளைச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். நம் கணக்கில் கால் ஏக்கர், நாலரை கிரவுண்டு! விஷம் குடித்தவருக்கு மருத்துவமனையில் கொடுப்பது பெரும்பாலும் 50 கிராம். ஒரு டம்ளர் கரைசலுக்குள் பன்னிரண்டரை ஏக்கர்! அந்தப் பரப்பில் விஷம் ஒட்டிக்கொள்கிறது, உடம்பில் சேராமல் கரியோடு வெளியேறுகிறது. பள்ளியில் படித்த ‘பரப்புக் கவர்தல்’ இதுதான். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். ஆனால் எல்லா விஷத்துக்கும் இது சரிவராது. ஆசிட் குடித்தவருக்குக் கொடுக்கவே கூடாது. அதனால் வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். முதல் உலகப்போரில் விஷவாயுவிலிருந்து படைவீரர்களைக் காத்த முகமூடிக்குள் இருந்ததும் இதே கரிதான். இந்தக் கரி செய்வதற்காக 1918-இல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளைச் சேர்த்துத் தரும்படி மக்களைக் கேட்டார்கள். ஒரு முகமூடிக்கு 200 கொட்டை! பழம் தின்ற குழந்தை துப்பிய கொட்டை, எங்கோ பதுங்குகுழியில் இருந்த ஒருவருக்கு மூச்சுக்காற்றைக் கொடுத்திருக்கிறது. எனக்கு இது சிலிர்ப்பாக இருக்கிறது. உங்களுக்கு எப்படி? கமெண்டில் எழுதுங்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். இந்தக் கரிக்கு விஷம் எது, மருந்து எது என்று தெரியாது. வயிற்றில் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சற்று முன் போட்ட மாத்திரையும் அதில் சிக்கலாம். எந்த அளவுக்குச் சிக்கும் என்பது கரியின் அளவையும் மருந்தையும் பொறுத்தது. ஆனால் கடையில் எத்தனை கிராம் போட்டார்கள் என்று யார் சொல்வார்கள்?

‘உடம்பைச் சுத்தம் செய்யும்’ என்று விற்கிறார்களே, அது எனக்குக் கோபம் வரவைக்கிற பொய். நம் ரத்தத்தைச் சுத்தம் செய்யக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவுபகலாக உழைக்கின்றன. மது அருந்திய மறுநாள் தலைவலிக்கும் இது உதவாது. ஆல்கஹால் இந்தக் கரியில் சரியாக ஒட்டாது.

2018-இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, உணவில் இதைச் சேர்க்கக் கூடாது என்று கடைகளைத் தடுத்தது.

கறுப்பு உணவு எல்லாமே கரி இல்லை. கறுப்பு எள்ளில் ஐஸ்கிரீம் செய்கிறார்கள், கணவாய் மையில் பாஸ்தா செய்கிறார்கள். அதனால் கடையில் கூச்சப்படாமல் கேளுங்கள்: “அண்ணா, இந்தக் கறுப்பு எள்ளா, கணவாய் மையா, கரியா?” கரி என்றால், மாத்திரை போடுகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் மாம்பழ ஐஸ்கிரீமை வாங்கிக்கொள்ளுங்கள்.