உப்புக் காற்றும் பாலத்துக் கம்பியும்

நேயர்களுக்கு வணக்கம்.

நீரோடி முதல் தேங்காய்ப்பட்டணம் வரையுள்ள கடற்கரை ஊர்களில் இரும்புச் சன்னலுக்கு வண்ணம் அடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது எல்லோரும் அறிந்ததே. அதே காற்றில் நிற்கும் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பல்லாண்டு தாங்குவதற்குக் காரணம் கான்கிரீட்டின் காரத்தன்மை. பி.எச். அளவு 12.5 அளவில் இருக்கும் அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. கடலுப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் படலம் ஆங்காங்கே உடைகிறது. துருவோ தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது.

ஆகவே, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், வேலைத்தளத்தில் 'கவர்' என்கிறோமே, அதுவே முதல் காவல். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 456:2000 மிதமான சூழலுக்கு 30 மி.மீ. கவர் போதும் என்கிறது. கடல்நீர் தெறிக்கும் இடத்துக்கு 50, ஏற்றவற்றம் தொடும் இடத்துக்கு 75 மி.மீ. கேட்கிறது. கம்பிக்கு அடியில் கவருக்காக வைக்கும் சிறு கட்டையான கவர் பிளாக் தீர்ந்தவுடன் ஜல்லியை அண்டக் கொடுப்பதும், கலவை இளக்கமாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதும் இந்தக் காவலை அன்றைக்கே கெடுத்துவிடும்.

பணியில் இருந்தபோது ஒரு பாலத்தின் அடியில் வள்ளத்தில் நின்றபடி உத்தரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல இடம் 'கிண்' என்றது. சில ஆண்டுகளுக்குமுன் உதிர்ந்து, பூசி, வெள்ளையும் அடித்திருந்த இடத்தில் குறையேதும் தெரியவில்லை. ஆனால் பூச்சின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி 'பொத்' என்று கேட்டது. கம்பி ஓடும் கோட்டிலேயே புதுப் பிளவு, அதில் செம்பழுப்புக் கசிவு. பூசியவர்மேல் மட்டும் பழி போட முடியாது. முன்பு துருப்பிடித்த இடம் நேர்மின்வாயாக நின்று தான் அரிபட்டு, பக்கத்துக் கம்பியைக் காத்துவந்தது; அதைப் பூசி மூடியதும் உப்பேறிய பக்கத்துப் பகுதி அந்த வேலையை ஏற்றுத் தான் அரிபடத் தொடங்கியது.

இதனால் உதிர்ந்த அளவுக்கு மட்டும் கொத்தினால் போதாது. உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறமும் சுமார் 25 மி.மீ. கொத்தி எடுத்து, கம்பி பளிச்சிடும் வரை துருவைச் சுரண்டி, ஒட்டுப்போடும் விளிம்பில் கம்பியோடு துத்தநாகக் கட்டியைப் பிணைப்பது நல்லது. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். அதுவும் ஒருநாள் தீரும் என்பதால், கட்டிய தேதியையும் இடத்தையும் பாலத்தின் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

வணக்கம்.