செட் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது? சளி மாத்திரையும் வலி மாத்திரையும் சேரும்போது

வணக்கம் மக்களே. செங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் நனைந்துவிட்டு வருகிறவர்கள், ஆரியங்காவு பக்கமிருந்து இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மெடிக்கலுக்கு வருகிற காலம். நான் பார்மசிஸ்ட் என்பது இந்தச் சேனலின் பழைய ஆட்களுக்குத் தெரியும். கவுன்டரில் கூட்டம் நிற்கும்போது சொல்ல முடியாத ஒரு விஷயத்தை இங்கே உட்கார்ந்து சொல்கிறேன்.

"அக்கா, மூக்கடைப்பு, மேல்வலி. ஒரு செட் கொடுங்க." இப்படித்தான் கேட்பார்கள். பல கடைகளில் அட்டையிலிருந்து வெட்டி, சின்னக் காகித உறையில் மூன்று நான்கு மாத்திரைகளைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். பொறுங்கள், ஃபோகஸ் ஆகட்டும். இந்தத் துண்டில் பெயரே இல்லை. இந்தத் துண்டில் பாதிப் பெயர். உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பது அட்டையின் பின்பக்கம் எறும்பு சைஸில் அச்சாகியிருக்கும். அந்தப் பகுதி கடையிலேயே நின்றுவிட்டது.

இதில் என்ன ஆபத்து என்றால், கடையில் விற்கும் சளி மாத்திரைகளில் பெரும்பாலானவை கலவை மாத்திரைகள். பாராசிட்டமால் 500 மில்லிகிராம், மூக்கடைப்புக்கு பினைலெஃப்ரின், தும்மலுக்குக் குளோர்பெனிரமின். சிலவற்றில் காஃபினும் இருக்கும். சளி மாத்திரை என்று நீங்கள் விழுங்குவதிலேயே காய்ச்சல் மாத்திரையும் இருக்கிறது. அது தெரியாமல் காய்ச்சலுக்குத் தனியாக டோலோ 650. அதுவும் பாராசிட்டமால்தான், 650 மில்லிகிராம். மேல்வலிக்கு காம்பிஃப்ளாம். அதில் இபுபுரூஃபன் 400, கூடவே பாராசிட்டமால் 325. தலைவலிக்கு என்று சாரிடான் போட்டால் அதிலும் பாராசிட்டமால் 250.

சரி, கூட்டிப் பார்ப்போம். சளி மாத்திரை மூன்று வேளை: 1500. டோலோ மூன்று வேளை: 1950. காம்பிஃப்ளாம் இரண்டு வேளை: 650. மொத்தம் 4100 மில்லிகிராம். நல்ல உடல்நிலையில் இருக்கிற பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 4000 தான். மெலிந்த உடம்பு, ஈரல் கோளாறு, தினமும் குடிக்கிற பழக்கம், சாப்பிடாமல் படுத்திருப்பது இதெல்லாம் இருந்தால் அதற்கும் வெகு முன்னாலேயே நிறுத்த வேண்டும். இத்தனைக்கும் அந்த ஆள் பேராசைப்பட்டு எதையும் கூடுதலாக விழுங்கவில்லை. எல்லாம் "சொன்னபடி" சாப்பிட்டதுதான்.

பாராசிட்டமாலின் ஒரு சிறு பங்கு ஈரலில் நச்சுப்பொருளாக மாறும். குளுட்டாதையோன் என்ற பொருள் அதை உடனே அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதையோன் தீர்ந்து, அந்த நச்சு ஈரல் செல்களையே தாக்கும். வயிற்றில் எரிச்சல் தரும் மருந்தாக இருந்தால் நாமே பயந்து நிறுத்துவோம். பாராசிட்டமால் சாதுவாக இறங்குவதால்தான் யாரும் கணக்கு வைப்பதில்லை.

அடுத்து பிரஷர்காரர்கள் கவனிக்க வேண்டியது. மூக்கடைப்பு மருந்து வேலை செய்வது ரத்தக் குழாயைச் சுருக்கித்தான். மூக்கில் மட்டும் சுருக்கு என்று அதற்குச் சொல்லி அனுப்ப முடியாது. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோய் உள்ளவர்கள், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள், கண் அழுத்த நோய் இருப்பவர்கள், புராஸ்டேட் வீங்கி சிறுநீர் சிரமமாகப் போகும் தாத்தாக்கள் இதைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. இதோடு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் சேர்ந்தால் சிக்கல் இன்னும் கூடும். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும். டெல்மிசார்டான் மாதிரி பிரஷர் மாத்திரை ஒன்றும் நீர் பிரியும் மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடுகிறவர் இதையும் போட்டால் கிட்னிக்கு அடி விழலாம்.

நம் ஊரில் இது அடிக்கடி நடக்க ஒரு காரணம் உண்டு. பிரஷருக்கு கேரளா பக்கம் புனலூரில் டாக்டர் பார்ப்பார்கள், சளிக்கு இங்கே வாங்குவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் எழுதிய சீட்டு வீட்டில் கிடக்கும். இந்தப் பக்கக் கடைக்காரருக்கு அது தெரியாது. ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் வீட்டில் இருப்பதும் சகஜம். அந்தச் சீட்டை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் காட்டுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாமல் விட முடியாது. மாத்திரையாக விழுங்கும் பினைலெஃப்ரின் மூக்கடைப்பை நீக்குகிறதா என்பதே சந்தேகம். பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் சிதைந்துவிடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக இதனால் பலனில்லை என்று வாக்களித்தது. 2024 நவம்பரில், சீட்டில்லாமல் விற்கும் சளி மருந்துகளிலிருந்து இதை நீக்கலாம் என்று எஃப்டிஏ முன்மொழிந்தது. இங்கே இன்னும் தாராளமாக விற்கிறது. அதனால் என் வழக்கம் கலவையே வேண்டாம் என்பது. காய்ச்சல், மேல்வலிக்கு வெறும் பாராசிட்டமால், நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில். மூக்குக்கு உப்பு நீர்ச் சொட்டு. தூங்கவே முடியவில்லை என்றால் சைலோமெட்டாசோலின் சொட்டு, மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து. அதற்கு மேல் போட்டால் அந்தச் சொட்டே அடைப்பை உண்டாக்கும்.

குளோர்பெனிரமின் கண்ணைச் சொக்கவைக்கும். அதைப் போட்டுக்கொண்டு புளியரை தாண்டி மலை வளைவுகளில் லாரி ஓட்டாதீர்கள். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பாட்டிமார்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் டெங்கு, எலிக்காய்ச்சல் உண்டு. மூக்கு ஒழுகாமல் காய்ச்சலும் கடுமையான மேல்வலியும் மட்டும் இருந்தால் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு கூடும். பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கூட்டிப் பார்த்து அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், "ஒன்றும் செய்யவில்லையே" என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் வெறும் குமட்டல்தான் இருக்கும், அதுகூட இல்லாமலும் போகலாம். ஈரல் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அசிட்டில்சிஸ்டைன் என்ற முறிவு மருந்து எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும். தென்காசி அரசு ஆஸ்பத்திரியோ புனலூர் தாலுகா ஆஸ்பத்திரியோ, எது பக்கமோ அங்கே போங்கள். வெட்டிய அட்டைத் துண்டுகளையும் அந்த உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. அந்த எண் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.